கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்குகிற ஊர்

அக்கா மகள் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். ஆய்வுக்கு அவள் எடுத்திருப்பது உணவு. "சாப்பாட்டைப் பத்திப் படிக்க யுனிவர்சிட்டி எதுக்கு, அம்மா அடுப்படி போதாதா?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் உறுத்துகிறது.

அந்த இலையிலேயே பதில் இருந்தது. வெங்காயம் இந்தியாவிலிருந்து கப்பலேறி வருவது. 2023 டிசம்பரில் அங்கே ஏற்றுமதியை நிறுத்தியதும் மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில், நாங்கள் எண்ணி எண்ணி வாங்கினோம். அதே ஆண்டு ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை. இறக்குமதி அரிசி விலை ஏற ஏற, கிலோ 2.60 வெள்ளி (ரிங்கிட்) என்று கட்டுப்படுத்திய உள்ளூர் அரிசியைத் தேடி எல்லாரும் ஓடினார்கள். கடையில் மூட்டையைக் காணோம். டில்லியில் போடும் கையெழுத்து இங்கே உலை வரை வருகிறது. இது அடுப்படிச் சங்கதியா?

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1948 ஜூனில் இங்கே வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் வந்தது. அப்புறம் காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளைப் பட்டினி போட, சோற்றுக்கே வேலி போட்டார்கள். அரிசிக்குப் பங்கீடு. டின் உணவைக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும், சேர்த்து வைக்க முடியாதபடி. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்க, போனவர்கள் மத்தியானச் சோற்றைக்கூடக் கொண்டுபோக முடியவில்லை என்று பாட்டி சொல்வார். யார் எங்கே சாப்பிடலாம் என்பதை வரைபடத்தை வைத்து முடிவு செய்த காலம் அது. நாம் பள்ளியில் உணவைப் பற்றிப் படித்ததோ சத்துணவுக் கூம்பகம் மட்டும்!

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு முருங்கை, கறிவேப்பிலை, இரண்டு மாடு. நிலம் நம்முடையதல்ல, ஆனாலும் ஒரு துண்டு மண் கைக்கு எட்டியது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது அதுவும் போயிற்று. ஊரைச் சுற்றி இவ்வளவு செம்பனை, குழம்புக்குத் தாளிக்க ஒரு கொத்து இலை இல்லை. காரணம் சோம்பேறித்தனம் என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. தொட்டியில் வைக்கலாமே என்பார்கள். சரி, மாட்டை எந்தத் தொட்டியில் வைப்பது?

போன வாரம் அக்கா மகளோடு பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போனேன். கறிவேப்பிலை எங்கிருந்து வருகிறது என்று காய்கறிக்காரரிடம் கேட்டாள்.

"ஈப்போதான்மா."

"ஈப்போவுக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். அவள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.