சூடோமோனாஸ் இரும்பைத் தயாரிப்பதில்லை

செடிகளின் வேரில் ஊற்றும் நன்மை செய்யும் பாக்டீரியாதான் சூடோமோனாஸ். ஒருவர், சூடோமோனாஸ் ஊற்றினால் அது மண்ணில் இரும்புச்சத்தை உற்பத்தி செய்துவிடும் என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. இரும்பு ஒரு தனிமம், எந்த பாக்டீரியாவாலும் அதை உருவாக்க முடியாது.

செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். ஆனால் துரு மாதிரி, தண்ணீரில் கரையாது. மண்ணின் அமில-கார அளவான பி.எச். ஒரு புள்ளி ஏறினால் கரைதிறன் ஏறக்குறைய 1000 மடங்கு குறையும். சென்னையில் பி.எச்.-ஐ ஏற்றிவிடும் உப்பு போர் தண்ணீர் ஊற்றும் மாடித்தோட்டங்களில் செம்பருத்திக் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

சூடோமோனாஸ் சுரக்கும் சிடரோஃபோர் என்ற பொருள் அந்த இரும்பைக் கவ்விக் கரைய வைக்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்வது பாக்டீரியாவேதான். சில செடிகளுக்கும் அதில் பங்கு கிடைக்கும். இன்னொரு பெரிய லாபம், வேரழுகல் பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் போவது. 1980-லேயே ஆய்வாளர் குளோப்பரின் குழு 'நேச்சர்' அறிவியல் இதழில் இதை ஒட்டிய விளக்கத்தைச் சொன்னது.

வெறும் தென்னைநார்க் கழிவு நிரப்பிய தொட்டி என்றால், கவ்வுவதற்கே அதிகம் இரும்பு இருக்காது. அங்கே தொழுவுரமோ கொஞ்சம் செம்மண்ணோ கலந்துவிட்டு ஊற்றுங்கள். அப்புறம், காப்பர் பூஞ்சைக்கொல்லி மருந்தோடு சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், பாக்டீரியா செத்துப்போகும்.