காரீய ஆடியை மறந்துவிட்டீர்களே

உலோக ஆல்கைல்கள், அதாவது மெத்தில், எத்தில் போன்ற கார்பன்-ஹைட்ரஜன் தொகுதிகள் உலோகத்தோடு நேரே பிணைந்த சேர்மங்கள், சூட்டில் ‘உலோகமாகவும் ஹைட்ரோகார்பனாகவும் பிரிகின்றன’ என்று ஒரே வரியில் உங்கள் கட்டுரை கடந்துபோனது எனக்கு மனக்குறை. நடுவில் நடப்பதுதான் முக்கியம். நான்கு மெத்தில்கள் காரீயத்தோடு பிணைந்த டெட்ராமெத்தில் காரீயத்தை எடுத்துக்கொள்வோம். சூடேறும்போது காரீயத்துக்கும் கார்பனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு நடுவே பிளந்து, ஆளுக்கொரு எலக்ட்ரானை எடுத்துக்கொள்கின்றன. இணையில்லா எலக்ட்ரானுடன் வெளிவரும் மெத்தில்தான் தனி உறுப்பு (free radical).

இதை 1929இல் வேதியியலாளர்கள் பானெத்தும் ஹோஃபெடிட்ஸும் நிரூபித்த விதம் இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது. டெட்ராமெத்தில் காரீயத்தின் ஆவியை ஹைட்ரஜன் ஓட்டத்தில் கலந்து, குறைந்த அழுத்தத்தில், குழாய் வழியே செலுத்தினார்கள். ஓரிடத்தில் சூடாக்கியதும் உட்சுவரில் காரீயம் ஆடிபோல, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் படிந்தது. பிறகு, ஓட்டம் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளிச் சூடாக்கினார்கள். அங்கே புதிய ஆடி தோன்றத் தோன்ற, பழைய ஆடி கரைந்து மறைந்தது! மிதந்து வந்த மெத்தில்கள் காரீயத்தைப் பிடித்து மீண்டும் டெட்ராமெத்தில் காரீயமாகிவிட்டன. இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆடி மறையும் வேகம் குறைந்தது. அதை வைத்தே, நொடியின் ஆயிரத்தில் சில பங்கே நீடிக்கும் அவற்றின் ஆயுளையும் கணக்கிட்டார்கள். துத்தநாக ஆடியை வைத்தபோது டைமெத்தில் துத்தநாகம் கிடைத்தது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

இன்னொன்று: எல்லா ஆல்கைலும் இப்படி உடைவதில்லை. டிரைஎத்தில் அலுமினியத்தைச் சூடாக்கினால், உலோகத்தோடு பிணைந்த கார்பனுக்குப் பக்கத்துக் கார்பனிலுள்ள ஹைட்ரஜன் உலோகத்துக்குத் தாவி, எத்திலீன் பிரிகிறது. அங்கே தனி உறுப்பு தேவையில்லை. மெத்திலுக்கு அந்தப் பக்கத்துக் கார்பனே கிடையாது.