கடப்பாரையைக் கீழே போடுங்கள்

நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் அலுங்காமல் கிடந்த ஒரு வெள்ளி நாணயம் வெளியே வருகிறது. முகத்துக்குக் குறுக்கே பளபளவென்று புத்தம் புதிய வெட்டு! இத்தனை காலம் மண் செய்யாததைத் தோண்டியவர் ஒரே குத்தில் செய்து முடித்துவிட்டார். கோடை பிறந்தால் போதும், மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைச் சத்தமிட்டுக் காட்டும் மெஷினோடு (மெட்டல் டிடெக்டர்) பழைய நாணயம் தேடுகிறவர்கள் போடும், இப்படி வெட்டுப்பட்ட நாணயங்களின் படங்கள் வரிசை கட்டி வருகின்றன. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. படத்துக்குக் கீழே எப்போதும் ஒரே பாட்டு: "மண்ணு கல்லு மாதிரி இருந்துச்சு, மெஷின் ஆழமே போகல, கடைசில கடப்பாரைதான் கைகொடுத்துச்சு."

எங்கே கைகொடுத்தது? கெடுத்துக் குட்டிச்சுவராக்கியிருக்கிறது!

இந்த "மெஷின் ஆழம் போகல" என்ற புகாரில்தான் எல்லாக் கேடும் தொடங்குகிறது. மழைக்குப் பிறகு கணீரென்று கேட்ட இடம் கோடையில் மங்கிப்போவது உண்மைதான். ஈரம் வற்றிய களிமண் இறுகி வெடிக்கிறது. மண்ணில் இரும்புத் தாது அதிகம் இருந்தால், மெஷினின் அடியில் தரையைத் தடவிப் போகும் வட்டத் தட்டு, அதாவது காயில், ஒரு வெடிப்பைத் தாண்டும்போது அங்கே மண் இல்லை என்பதையே மெஷின் ஒரு சத்தமாக எழுப்பும். அறுவடை முடிந்த நிலத்தில் காய்ந்த பயிர்த்தாள்கள் காயிலை 5 செ.மீ. தூக்கிவிடும். அந்த 5 செ.மீ. அப்படியே உங்கள் ஆழக்கணக்கில் கழிகிறது. இதில் எதுவும் மெஷினின் குற்றமில்லை.

ஆனால் எல்லாருடைய கையும் போவது ஒரே இடத்துக்குத்தான், மெஷினின் உணர்திறனை ஏற்றி இறக்கும் சென்சிட்டிவிட்டி பொத்தானுக்கு. ஏற்று, ஏற்று, முழுசா ஏற்று! இந்த அறிவுரையை முதலில் சொன்னவர் யாரோ தெரியாது, நாளுக்கு பத்துப் பேர் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். காயிலிலிருந்து போகும் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைந்துகொண்டே போகிறது, தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்கு. அது நாணயத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அந்த மின்னோட்டத்தின் புலம் காயிலுக்குத் திரும்பி வரும் வழியில் மறுபடியும் அதேபோலக் குறைகிறது. ஆக, ஆழத்தில் கிடக்கும் சிறு பொருளின் சிக்னல் தோராயமாகத் தூரத்தின் ஆறாம் அடுக்கில் விழுகிறது. ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64-ல் ஒரு பங்கு. இதையே திருப்பிப் போடுங்கள்: மெஷினின் உணர்திறனை உண்மையாகவே இரட்டிப்பாக்கினாலும் ஆழம் 12 சதவீதம்தான் கூடும். 20 செ.மீ. எட்டிய மெஷின் 22 செ.மீ. சொச்சம் எட்டும், அவ்வளவே. அந்த இரண்டு செ.மீ.க்காக மண்ணின் இரைச்சலையும் சேர்த்து இரட்டிப்பாக்கிக்கொண்டு, காதில் ஓயாத கரகரப்போடு, எது நாணயம் எது வெடிப்பு என்று தெரியாமல் கண்ட இடமெல்லாம் குத்திப் பார்க்கிறார்கள்.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. காயிலை இடுப்பு உயரத்தில் அசையாமல் பிடியுங்கள். அப்போதும் கத்தினால் அது காற்றில் வரும் மின்காந்தத் தொல்லை: மேலே போகும் மின்கம்பி, மின்வேலி, உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கும் கைபேசி. கைபேசியை அணையுங்கள், மெஷினில் சேனல் மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள், அடங்காவிட்டால் சென்சிட்டிவிட்டியை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். அசையாதபோது அமைதியாக இருந்து, தரையில் வீசும்போது மட்டும் கத்தினால் தொல்லை மண்ணிலிருந்து வருகிறது. அதற்கு மருந்து கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தை மெஷின் கண்டுகொள்ளாதபடி சரிசெய்வது. உலோகம் எதுவும் இல்லாத ஒரு துண்டு இடம் பார்த்து, காயிலைத் தரைக்கு 3 செ.மீ. வரை இறக்கி, 20 செ.மீ. வரை ஏற்றி, ஏறும்போதும் இறங்கும்போதும் சத்தம் ஒரே மாதிரி ஆகும்வரை செய்ய வேண்டும். காலை 6 மணிக்கு நிழலில் ஒரு தடவை செய்துவிட்டுப் பகல் 11 மணி வரை அதை நம்பிக்கொண்டிருப்பது பெரிய தப்பு. வெயிலில் காயில் சூடேறினால் அதன் மின்பண்புகள் நகரும். கோடையில் அரை மணிக்கு ஒரு தடவையும், நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது கண்டிப்பாக ஒரு தடவையும் மறுபடி செய்ய வேண்டும்.

இன்னொன்று, பெரும்பாலானவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடம்: காயிலின் அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறை. கோடையில் புழுதி அதற்குள் புகுந்து படிகிறது. இரும்புத் தாது கலந்த புழுதி காயிலோடு ஒட்டிக்கொண்டே வந்தால் ஒவ்வொரு வீச்சிலும் பொய்ச் சத்தம் வரும். உறையைக் கழற்றித் துடைக்காமல் மெஷினைத் திட்டி என்ன பயன்? திரை கருத்துப்போனால் "போச்சு, ரிப்பேர்" என்று அலறுவதும் இதே ரகம்தான். எல்.சி.டி. திரை அதிகம் சூடானால் கருக்கும், நிழலில் வைத்து ஆறவிட்டால் திரும்பிவிடும். ஆனால் பூட்டிய காரில் வெயிலில் போட்டுவிட்டுப் போய், வந்ததும் சூட்டோடு சார்ஜ் போடுவது பேட்டரியைச் சாகடிக்கும் வேலை. லித்தியம் அயான் பேட்டரியை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

வெயில் ஏற ஏறப் பொறுமை இறங்குகிறது. அப்போது அடுத்த தப்பு நடக்கிறது. குப்பைச் சத்தம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், டிஸ்கிரிமினேஷனில், அதாவது மெஷின் ஒவ்வொரு உலோகத்துக்கும் காட்டும் எண்ணில் வேண்டாததை ஊமையாக்கும் வசதியில், நடு எண்களை மொத்தமாக வெட்டிவிடுகிறார்கள். குளிர்பானக் கேனின் வளையமும் அலுமினியத் தாளும் விழுகிற அதே எண்களில்தான் சின்னத் தங்க நாணயங்களும் மோதிரங்களும் விழுகின்றன. வளையம் வேண்டாம் என்று வெட்டினால் தங்கமும் சேர்ந்து போகும், அதற்கு வேறு வழியே கிடையாது. அதைவிட ஆத்திரம் வருவது, தோண்டி எடுத்த வளையத்தையும் பாட்டில் மூடியையும் குழிக்குள்ளேயே திரும்பப் போட்டு மூடுகிறவர்களைப் பார்த்து. அடுத்து வருகிறவர் அதே குப்பைக்காக அதே இடத்தை மறுபடி தோண்ட வேண்டும். இடுப்பில் ஒரு பை கட்டிக்கொள்வதில் என்ன பாரம்?

இப்போது தோண்டலுக்கு வருகிறேன். கடப்பாரை, நீளமான ஸ்க்ரூடிரைவர், கூர் முனைக் கம்பி, இவையெல்லாம் சத்தம் வந்த புள்ளியின் மேலேயே நேராக இறங்குகின்றன. நாணயம் எங்கே இருக்கிறதோ அங்கேயே குத்துகிறார்கள்! இறுகிய மண்ணில் நாணயம் நகர்ந்து விலகிக்கொள்ள இடமில்லை. ஈர மண்ணில் முனை பட்டால் நழுவிப்போகும் நாணயம், காய்ந்த களிமண்ணில் அடைகல்லின்மேல் வைத்த மாதிரி அடியை அப்படியே வாங்கிக்கொள்கிறது.

செய்ய வேண்டியது இது. ஒரு திசையில் வீசி, அப்படியே 90 டிகிரி திரும்பி இன்னொரு வீச்சு. இரண்டும் வெட்டும் புள்ளியில் ஒரு மரக்குச்சி. மெஷின் திரையின் ஆழங்காட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், அது நாணய அளவுப் பொருளுக்கு அளந்து வைத்த கணக்கு. ஆழத்தில் கிடக்கும் நசுங்கிய கேனைக்கூட மேலேயே கிடப்பதாகக் காட்டும். பிறகு குச்சியைச் சுற்றி ஒரு லிட்டர் தண்ணீர், ஒரே மூச்சில் கொட்டாமல் மூன்று தடவையாக. காய்ந்த மண் முதல் தண்ணீரை உள்ளே விடாது, மேலேயே ஓடவிடும். அதனால்தான் பிரித்து ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பக்கத்தில் தேடிக்கொண்டிருங்கள். நிலம் முழுக்க ஊறவைக்கக் கனவு காணாதீர்கள்: ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர் ஊற்றினால்தான் 10 மி.மீ. மழைக்குச் சமம். பரந்த நிலம் வேண்டுமென்றால் நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போங்கள்.

திரும்பி வந்து, குச்சியிலிருந்து 10 செ.மீ. தள்ளி, பல் வைத்த கைக்கத்தியால் சுற்றி அறுங்கள். நெம்புகோலாக வைத்து அழுத்தாதீர்கள், கருவியும் முறியும், கட்டியும் நடுவில் உடையும். நாணயம் இருக்கிற இடம்தான் பெரும்பாலும் உடைகிற இடம். கட்டியைத் தூக்கித் துணியில் வையுங்கள். பின்பாயின்டரை (குழிக்குள் விட்டுப் பார்க்கும் கையடக்கக் குட்டி டிடெக்டர்) குழிக்குள் விட்டபடி ஆன் செய்யாமல், மண்ணுக்கும் உலோகத்துக்கும் தள்ளிப் பிடித்து ஆன் செய்துவிட்டு, பிறகு குழியில் ஒரு தடவை, கட்டியில் ஒரு தடவை. சத்தம் கட்டியில் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரலால் உடையுங்கள். விரலுக்கு மசியாத கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள், ஊற ஊறத் தானே கரைந்து உட்கார்ந்துவிடும். இதற்குக் கூடப் பொறுமை இல்லையென்றால் எதற்கு இந்த வேலைக்கு வருகிறீர்கள்?

ஒரே குழியில் இரண்டாவது, மூன்றாவது நாணயம் வந்தாலோ, ஒரு பானை ஓடு தென்பட்டாலோ கை அங்கேயே நிற்க வேண்டும். 2010 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஃப்ரோம் அருகே மெஷினோடு தேடிய டேவ் கிரிஸ்ப் என்பவர் அதைத்தான் செய்தார். சில ரோமானிய நாணயங்களும் ஒரு பானையும் தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து அடுக்கடுக்காக எடுத்தார்கள். ஒரே பானையில் 52,503 நாணயங்கள். பிந்தைய காலத்து நாணயங்கள் மேலே இல்லாமல் கீழடுக்கில் கிடந்ததால்தான் பானை ஒரே தடவையில் நிரப்பப்பட்டது என்று சொல்ல முடிந்தது. அங்கே ஒரு கடப்பாரை இறங்கியிருந்தால் அந்தச் செய்தி மொத்தமும் போயிருக்கும்.

வெட்டில்லாமல் வெளியே வந்த நாணயத்தையும் விடுகிறார்களா? எடுத்த கையோடு கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறார்கள், வருஷம் என்னவென்று உடனே தெரிந்தாக வேண்டுமாம். காய்ந்த மண்ணில் இருக்கும் மணல்துகள் குவார்ட்ஸ், எது எதைக் கீறும் என்று காட்டும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. வெள்ளியும் தங்கமும் 2.5 முதல் 3 வரை, செம்பு 3. விரலுக்கும் நாணயத்துக்கும் நடுவில் நீங்கள் வைத்துத் தேய்ப்பது உப்புத்தாள். மூக்கும் தலைமுடியும் எழுத்தின் மேல்விளிம்பும்தான் முதலில் போகும், அவைதானே புடைத்து நிற்கின்றன! போதாததற்குக் கையெல்லாம் வியர்வை. வியர்வையின் உப்பு செம்பிலும் வெண்கலத்திலும் விரல்ரேகையை அப்படியே அரித்துப் பதிக்கும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், அதே மண்ணோடு பஞ்சு வைத்த சின்ன டப்பியில் போடுங்கள், ஒரு டப்பிக்கு ஒன்று. பையில் சாவியோடும் மற்ற நாணயங்களோடும் குலுங்கவிடாதீர்கள். ஈரத்தோடு வந்த செம்பு நாணயத்தைப் படம் எடுக்க வெயிலில் காயவைக்காதீர்கள், திடீரென்று உலர்ந்தால் மேல்படிவு செதில் செதிலாகப் பெயரும், எழுத்து அந்தப் படிவில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு எலுமிச்சைச் சாறும் வினிகரும் பல்பொடியும் வேண்டவே வேண்டாம். அமிலம் களிம்பைத் தின்றுவிட்டு, பச்சையாகவோ பழுப்பாகவோ அழகாக இருந்த செம்பை அம்மைத்தழும்பு விழுந்த ரோஸ் நிறத் தகடாக்கித் தரும். காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டுத் தினம் ஒரு தடவை மாற்றுங்கள், மண் நெகிழ நாட்கள் ஆகும், சில நாணயத்துக்கு வாரங்கள் ஆகும். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிரும் புள்ளி தெரிந்தால் அது கெட்டியான களிம்பில்லை, குளோரைடு உள்ளே இருந்து தின்கிறது. அந்த நாணயத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து ஈரமில்லாத இடத்தில் வைத்து, பக்குவம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததிலிருந்து வெயில் சுடும்வரை, அதோடு மாலை. 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும். தலை கனத்து, வியர்த்தும் குளிர்வதுபோல இருந்தால் மெஷினை அப்படியே போட்டுவிட்டு நிழலுக்குப் போங்கள். உச்சி வெயிலில் தோண்டிய குழிகளில்தான் அவசரக் குத்துகள் அதிகம்.

கடைசியாகப் புல்தரை. நிலத்துக்காரர் நம்பித்தான் அனுமதி கொடுத்தார். கோடையில் 5 செ.மீ. தடிமனில் வட்டமாக வெட்டி எடுத்து, திரும்ப மூடிவிட்டுப் போனால், அறுபட்ட வேருக்குத் தண்ணீர் எட்டாமல் சில நாட்களில் அந்த வட்டம் மட்டும் மஞ்சளாகும். இருபது குழி என்றால் இருபது மஞ்சள் வட்டம். அதைப் பார்த்தவர் அடுத்து வருகிற யாருக்கும் கதவு திறக்க மாட்டார், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. உண்மையான வறட்சியில் புல்லை வெட்டவே கூடாது, அந்த நாட்களில் மணலுக்கோ உழுத நிலத்துக்கோ போங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் குதிரைலாட வடிவில் மூன்று பக்கம் மட்டும், 10 செ.மீ.க்குக் குறையாத ஆழத்தில் அறுத்து, நான்காவது பக்கத்தைக் கீல் மாதிரி வேரோடு விட்டுத் திருப்புங்கள். மண்ணைத் துணியில் கொட்டி, ஒரு பிடி மிச்சமில்லாமல் குழிக்குள் தள்ளி, புல்லை மடித்து மூடி, காலால் அழுத்தி, அதன்மேல் இரண்டு லிட்டர் தண்ணீர். குடிக்கிற தண்ணீரைத் தவிர, குழிகளுக்கென்று தனியாக ஒரு கேன் தூக்கிக்கொண்டு போங்கள். அது தீர்ந்தால் அன்றைக்குத் தோண்டல் முடிந்தது.