கிராண்ட் எங்கே என்று கேட்ட அண்ணனுக்கு

நம் மலேசியாவின் பூர்வகுடிகளான தெமியார் மக்கள், காட்டில் மரம் வெட்ட வருகிறவர்களை மறிக்கக் கட்டிய தடுப்பைச் செயின்சாவால் அறுத்துத் தள்ளும் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு நம் ஆள் ஒருவர் ஒரு வரி எழுதிக் கேட்கிறார்: "இவர்களிடம் கிராண்ட் (நிலப் பட்டா) இருக்கிறதா?" இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

கிராண்ட் இல்லை அண்ணே. உரிமை இருக்கிறது. நம் நாட்டு நீதிமன்றமே சொன்னது இது. சிலாங்கூர் மாநிலத்துப் புக்கிட் தம்போயில் 1995-இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் 38 ஏக்கரை எடுத்தார்கள். வீட்டுக்கும் பழமரங்களுக்கும் காசு, மண்ணுக்குக் கிடையாது. சாகோங் தாசியும் இன்னும் ஆறு பேரும் வழக்குப் போட்டு 2002-இல் ஜெயித்தார்கள். 2005-இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். தீர்ப்பைத் தந்தவர் கோபால் ஸ்ரீராம். கிராண்ட் இல்லாத நிலத்துக்குத்தான் அந்தத் தீர்ப்பு.

"அப்புறம் ஏன் பாதையை மறிக்கிறார்கள், கோர்ட்டுக்குப் போகட்டுமே" என்பீர்கள். போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். புக்கிட் தம்போய் விவகாரம் முடிந்தது 2010-இல். பதினைந்து வருடம்! காடு அத்தனை வருடம் காத்திருக்குமா? தடையுத்தரவு கைக்கு வருமுன் வெட்டுமரம் ஏற்றும் பாலாக் லோரி எத்தனை நடை அடித்துவிடும்? குடிக்கிற ஆற்றுத் தண்ணீர் தே தாரே டீ மாதிரி கலங்கிக் கிடக்கும். அதற்கப்புறம் வருகிற நட்ட ஈட்டை வைத்து என்ன செய்வது?

"லைசென்ஸ் வாங்கித்தானே வெட்டுகிறார்கள்?" அந்த லைசென்ஸைக் கொடுக்கும்போது அங்கே வாழ்கிறவர்களை யார் கேட்டார்கள்? 2019-இல் மத்திய அரசே தெமியார் மக்களுக்காகக் கிளந்தான் மாநில அரசின் மேல் வழக்குத் தொடுத்ததே, அதுவும் வளர்ச்சிக்கு எதிரான கூட்டமா? வளர்ச்சி பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

நான் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறியபோது லயத்து வாசலில் நின்று ஒருவர் அப்பாவிடம் கேட்டதும் இதே கேள்விதான். அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் தான் நட்ட பலாமரத்தைக் கையால் காட்டினார். அதில் அப்போது மூன்று காய் தொங்கியது. வந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்றல்ல, தெரியும். நாம் கூலிக்கு வந்தவர்கள், அவர்கள் என்றைக்கும் அங்கேயே இருந்தவர்கள். அப்படியென்றால் அவர்களுக்கு நம்மைவிட அதிகமாக அல்லவா வலிக்கும்? அவர்களும் கோர்ட்டில் டுரியான் மரத்தையும் தாத்தா பாட்டி கல்லறையையும்தான் காட்டுகிறார்கள். முதலில் வெட்டுப்படுவதும் அந்த மரம்தான்.

அண்ணே, அந்த வரியை அழித்துவிடுங்கள். நம் வீட்டு வாசலில் வந்து நின்ற கேள்வி அது.