"ஓகே சார்" என்றால் என்ன அர்த்தம்?

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு நடை போனால் போதும், நாலைந்து போர்டாவது கண்ணில் படும். முப்பது நாளில் சரளமாக ஆங்கிலம் பேசலாம், தயக்கமில்லாமல் பேசலாம், மேடையில் பேசலாம். எல்லாம் பேசலாம்தான். "கேட்கப் பழகலாம்" என்று ஒரு போர்டை இந்தக் கடலூரில் நான் பார்த்ததில்லை. காசு கொடுத்துக் காதைப் பழக்க யார் வருவார்கள் என்பீர்கள். அதுவும் சரிதான்.

நான் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஷிஃப்ட் பார்க்கிறவன். பேசத் தெரியாததால் கெட்ட வேலையை விரல் விட்டு எண்ணிவிடுவேன். காதில் சரியாக வாங்காததால் கெட்ட வேலைக்குக் கணக்கே இல்லை.

ஒரு நைட் ஷிஃப்ட். கண்ட்ரோல் ரூமிலிருந்து வாக்கி டாக்கியில் "ஃபிஃப்டீன் கிலோ போடு" என்றேன். கீழே டிப்ளமோ முடித்து வந்து இரண்டு மாதமான ஒரு பையன். "ஓகே சார்" என்றான். பம்ப் ஓடுகிற இரைச்சலில் அவன் காதில் விழுந்தது ஃபிஃப்டி. ஐம்பது கிலோவும் உள்ளே போய்விட்டது. நல்ல வேளை, அது சோடா ஆஷ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பேட்ச் முழுக்க வீண். காலையில் மேனேஜர் முன்னால் அவன் தலையைத் தொங்கப் போட்டு நின்றபோது எனக்கு உறுத்தியது. பாதித் தப்பு என் வாயில். பதினஞ்சு என்று தமிழில் சொல்லித் தொலைத்திருந்தால் எந்தக் காதும் அதை அம்பது என்று கேட்டிருக்காது. எண்ணை இங்கிலீஷில் சொன்னால்தான் வேலைக்கு மரியாதை என்று நமக்கு ஒரு நினைப்பு.

அதற்கப்புறம் எங்கள் ஷிஃப்டில் "ஓகே சார்" என்பதற்குத் தடை போட்டேன். எண்ணைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: "ஒன்று, ஐந்து, பதினஞ்சு கிலோ, மூன்றாம் நம்பர் ரியாக்டர்." கேட்டவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நான் "சரி" என்ற பிறகுதான் மூட்டையைப் பிரிக்கலாம். முதல் வாரம் பையன்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் சொல்லி என்னைக் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர்களுக்கு டெனரீஃப் விபத்தைத்தான் சொல்வேன். 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளில் உள்ள விமான நிலையம், கடும் மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் செத்தார்கள். பல காரணங்கள் சேர்ந்துதான் அது நடந்தது. அதில் ஒன்று இந்த "ஓகே". ஒரு விமானி, கிளம்புகிறோம் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். கண்ட்ரோல் டவர் "ஓகே" என்கிறது, அடுத்த மூச்சில் "பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்கிறது. அதே நொடியில் மற்ற விமானமும் ரேடியோவில் பேச, இரண்டு பேச்சும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கீச்சென்ற சத்தமாகிவிட்டது. தெளிவாகப் போய்ச் சேர்ந்தது "ஓகே" மட்டும்தான். அதற்குப் பிறகு விமானத் துறையில் ரேடியோப் பேச்சுக்கான சொற்களையே இறுக்கினார்கள். முக்கியமான உத்தரவைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும், "ஓகே" மட்டும் சொன்னால் செல்லாது. இதைச் சொன்ன அன்றிலிருந்து ராகம் போடுவது நின்றது.

இப்போது எங்கள் பக்கம் வடக்கிலிருந்து வந்த ஆட்கள் நிறைய. அவர்களோடு வேலை செய்ய நானும் நாலு வார்த்தை இந்தி கற்றுக்கொண்டேன். அங்கேயும் இதே கண்ணி. பச்சீஸ் என்றால் 25, பச்சாஸ் என்றால் 50. ஹெல்மெட்டும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு சொன்னால் இரண்டும் ஒன்றுதான். விரலைக் காட்டச் சொல்லிவிடுவேன்.

எண் என்று இல்லை, ஊர்ப் பெயரும் அப்படித்தான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற வழியை நினைத்துப் பாருங்கள். மஞ்சக்குப்பம், பெரியகங்கணாங்குப்பம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். ஒரு தடவை சரக்கு இறக்க வேண்டிய வண்டி கங்கணாங்குப்பத்தில் நிற்காமல் நேரே அரியாங்குப்பம் போய் நின்றது. டிரைவர் வண்டி ஓட்டிக்கொண்டே போனைக் காதில் வைத்திருக்கிறார், முதல் பாதி காற்றில் போய்விட்டது, "குப்பம்" மட்டும் வந்து சேர்ந்தது. மீதியை அவர் பழக்கத்தில் நிரப்பிக்கொண்டார். நம் எல்லோர் காதும் இப்படித்தான். பாதி கேட்கும், பாதியை ஊகிக்கும், மொத்தத்தையும் கேட்டதாகச் சத்தியம் பண்ணும்.

அக்கா மகள் புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படிக்கிறாள். 1889இலிருந்து இருக்கிற இடம் அது. அங்கே எழுதுகிற டெல்ஃப் என்கிற பிரெஞ்சு மொழித் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் பாஸ். ஆனால் எதிலாவது 5க்குக் கீழே போனால் மற்றதெல்லாம் எவ்வளவு எடுத்தாலும் பெயில். அவள் அழுதது கேட்டலில்தான். பிரெஞ்சில் 75ஐ அறுபது-பதினைந்து என்பார்களாம், 95 என்றால் நான்கு-இருபது-பதினைந்து. போன் நம்பரை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். இவள் "அறுபது" கேட்டதும் 6 என்று எழுதிவிடுவாள், பின்னாலேயே "பதினைந்து" வரும், அடிக்க வேண்டும், அதற்குள் அடுத்த இரண்டு எண் ஓடிவிடும். சிரித்தேன். அப்புறம் யோசித்தால், நூறை உள்ளே வைத்துக்கொண்டு 90க்குத் தொண்ணூறு என்கிறோம், ஆயிரத்தை உள்ளே வைத்துக்கொண்டு 900க்குத் தொள்ளாயிரம் என்கிறோம். நம்மிடம் தமிழ் கற்க வருகிற வெள்ளைக்காரன் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வானோ.

அவளுக்கு நான் சொன்ன வழி, நானே ஆங்கிலத்துக்குச் செய்து பார்த்தது. ஒரு நிமிட ஒலிப்பதிவு, அதற்கு மேல் வேண்டாம். முதல் தடவை பேனா தொடாமல் கேட்க வேண்டும், என்ன விஷயம் என்று மட்டும். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டதை எழுத வேண்டும். பிறகு அச்சில் இருப்பதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எழுதாமல் விட்ட இடங்கள்தான் பாடம். எனக்கு எப்போதும் விட்டுப்போனது சின்னச் சொற்கள். நாம் ஆங்கிலம் பேசினால் ஒவ்வொரு அசையையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் உச்சரிப்போம். அவர்கள் முக்கியமான சொல்லை அழுத்திவிட்டு மற்றதை விழுங்குவார்கள். "வான்ட் டு" என்பது "வான்னா" ஆகிவிடும். அமெரிக்கர் வாயில் "கேன்ட்"டின் கடைசி "ட்" பல நேரம் காணாமலே போகும். முடியும் என்றாரா முடியாது என்றாரா? இது புத்தகத்தில் படித்து வராது, கேட்டுக் கேட்டுத்தான் வரும். நான் இரண்டு வருடம் கம்பெனி பஸ்ஸில் வானொலி ஆங்கிலச் செய்தியை வைத்துப் பழகினேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் ஷேர் மார்க்கெட்டில் இறங்கிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

இத்தனை பழகினாலும் மும்பை ஆபீஸ் ஆட்களோடு மீட்டிங் என்றால் "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்க இன்னும் கூச்சம் வருகிறது. புரியாமலே தலையாட்டிவிட்டு, வெளியே வந்து "என்னப்பா சொன்னாரு?" என்று பக்கத்து ஆளைக் கேட்பேன். அவரும் அதையே என்னிடம் கேட்பார். தமிழில் காதால் வாங்குவதற்கும் கேள்வி எழுப்புவதற்கும் "கேள்" என்று ஒரே சொல்தான். நாம் ஒன்றைச் செய்கிற மாதிரி நடித்து இன்னொன்றை விட்டுவிடுகிறோம்.

போன மாதம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மடமடவென்று சொன்னார், அம்மா ஒவ்வொன்றுக்கும் "சரிங்க சார்" என்றாள். வெளியே வந்து, "எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி?" என்றேன். "வெள்ளை." இரண்டுமே வெள்ளை. எனக்கும் நினைவில்லை, நான் பக்கத்திலேயே நின்றிருந்தவன்! திரும்ப உள்ளே போனோம். இந்த முறை அம்மாவையே சொல்ல வைத்தேன். சின்னது சாப்பாட்டுக்கு முன்னாடி, கோடு போட்டது ராத்திரி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ராத்திரி என்றதும், "இல்லம்மா, காலையில" என்றார்.

புதிதாக வருகிற பையன்களுக்கு, மாற்றிக் கேட்கப்படுகிற சொற்களாக ஒரு பட்டியல் சேர்க்கிறேன். ஃபிஃப்டீன் ஃபிஃப்டி, பச்சீஸ் பச்சாஸ், கங்கணாங்குப்பம் அரியாங்குப்பம் எழுதியாயிற்று. பள்ளிக்கூடம், மெடிக்கல், ஒர்க் ஷாப், மீன்பிடித் துறைமுகம், எங்கே வேலை செய்கிறவராக இருந்தாலும் உங்கள் இடத்தில் அப்படி மாறுகிற சொல் எது என்று கமெண்டில் போடுங்கள்.