இரும்பு பம்பரும் முன்பாரமும்

மஹிந்திரா தார் வண்டிக்கு இரும்பு பம்பர் போடலாமா என்று அண்மையில் மூன்று நண்பர்கள் உள்பெட்டியில் கேட்டிருந்தார்கள். போட்டுப் பார்த்து, எட்டு மாதங்கள் ஓட்டி, பிறகு கழற்றியவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன். அந்த பம்பரை வாங்கிய நாளில் அதன் தகட்டின் கனம், வெல்டிங், பவுடர் கோட்டிங் எல்லாவற்றையும் தட்டித் தடவிப் பார்த்த நான், எடை எத்தனை கிலோ என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "லாரி மோதினாலும் அசையாது சார்" என்பதைத் தாண்டி வேறு பதில் கிடைத்திருக்கும் என்று தோன்றவில்லை.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே அளவு மூட்டையை அச்சுக்கு முன்னால் தள்ளி வைத்தால் மாட்டின் கழுத்தை நுகம் அழுத்தும், பின்னால் தள்ளினால் நுகம் மேலே தூக்கும். பம்பரிலும் நடப்பது இதுதான். பின் இருக்கையில் ஏறும் ஆளின் எடை இரண்டு அச்சுகளுக்கும் இடையில் பகிரப்படுகிறது, பம்பரோ முன் அச்சுக்கும் வெளியே தொங்குகிறது. என் வண்டியில் பம்பர் 52 கிலோ, சிக்கிக்கொண்ட வண்டியை இழுத்தெடுக்க அதில் பொருத்திய வின்ச், இரும்புக் கம்பி வடத்தோடு 36 கிலோ. கழற்றிய பிளாஸ்டிக் பம்பருக்கு 8 கிலோவைக் கழித்தால் 80 கிலோ கூடுதல். இந்தச் சுமை முன் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாகவும், அச்சுகளுக்கு இடையிலான தூரம் தாரில் 245 சென்டிமீட்டர் என்றும் வைத்துக் கணக்கிட்டால், முன் அச்சில் கூடுவது 80 அன்று, ஏறத்தாழ 103 கிலோ. மிகுதியான 23 கிலோ பின் அச்சிலிருந்து பிடுங்கப்பட்டது. அதாவது மூக்கு அழுந்துகிறது, வால் லேசாகிறது.

பொருத்துவதற்கு முன்பு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதி வைத்திருந்தேன், அது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் அளந்தபோது 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. பார்வைக்கு அது ஒன்றுமே இல்லை, சொல்லப்போனால் வண்டி இன்னும் கம்பீரமாகத் தெரிந்தது. ஆனால் மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே வருவதற்கென்று ஒதுக்கப்பட்ட இடம் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வண்டி சும்மா நிற்கும்போதே அதில் கால்பங்கு செலவாகிவிட்டது. வேகத்தடையில் முன்பு இல்லாத ஒரு "டொப்" சத்தம் வரத் தொடங்கியது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், சக்கரம் அளவுக்கு மீறி மேலே வராமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் நுனி மட்டும் தூசியில்லாமல் பளபளவென்று தேய்ந்திருந்தது.

விந்தை என்னவென்றால், சிறு குழிகளில் வண்டி முன்பைவிட மென்மையாகப் போவதாகத்தான் முதலில் தோன்றும். அதே ஸ்பிரிங்கின் மேல் எடை கூடினால் வண்டி மெதுவாக ஆடும், அவ்வளவுதான். அந்த ஆட்டத்தை அடக்க வேண்டிய ஷாக் அப்சார்பர் பழைய எடைக்கு அமைக்கப்பட்டது என்பதால், ஒரு மேட்டைத் தாண்டியதும் ஒருமுறை எழுந்து அமர வேண்டிய மூக்கு இரண்டு மூன்று முறை எழுந்து அமரும். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி வந்த அன்றுதான் இது எனக்கு முழுதாக உறைத்தது. ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் பிரேக்கை மிதித்தால் மூக்கு கவிழ, பின்பக்கம் லேசாகிப் போனது நன்றாகவே தெரிந்தது.

தாரின் முன்பக்கம் இரு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் டபுள் விஷ்போன் அமைப்பு என்பதால், உயரம் குறைந்ததும் சக்கரங்களின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்தது. டயர்களின் உள்விளிம்பு தேய்ந்த பிறகுதான் அலைன்மென்ட் செய்யப் போனேன். மாருதி ஜிம்னியின் முன் அச்சு ஒரே தண்டு என்பதால் இந்தச் சாய்வு வராது. ஆனால் அந்த வண்டியே ஏறத்தாழ 1,200 கிலோதான், அதற்கு 80 கிலோ இன்னும் பெரிய சுமை.

இதற்கு ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் கட்டையான ஸ்பேசர் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஸ்பேசர் வண்டியை உயர்த்திக் காட்டுமே தவிர ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாது. உண்மையான வழி, கூடுதல் எடைக்கென்று செய்த ஸ்பிரிங்கும் அதை அடக்கக்கூடிய ஷாக் அப்சார்பரும்தான். ஆஸ்திரேலியாவில் பம்பர், வின்ச் எடையைக் கேட்டுத்தான் ஸ்பிரிங் தருவார்கள். நம் ஊரில் பம்பரின் விலையைச் சொல்லும்போது இந்தச் செலவை யாரும் சொல்வதில்லை. வின்ச் கட்டாயம் தேவைப்படுகிறவர் இரும்பு வடத்தை மாற்றி சிந்தெடிக் கயிறு போட்டாலே சில கிலோ குறையும், பம்பரின் இரு பக்க இறக்கைகளை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் வாங்கினால் இன்னும் குறையும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புகளான கிராஷ் கார்டும் புல் பாரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு மாறானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதைத் தெரிந்தே போட்டேன், அந்தத் தவறு என்னுடையது.

இப்போது பழைய பிளாஸ்டிக் பம்பர் திரும்பவும் வண்டியில் ஏறிவிட்டது, டேப் அளவும் 3 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. மேலே சொன்ன 52 கிலோ, கழற்றிய பம்பரைப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றியபோது தெரிந்துகொண்டது. கடைக்காரர் அதை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கனமான சாமான் சார், இதைப் போய் எடைக்குப் போடுறீங்களே" என்றார்.