இலவசம் சரி, எத்தனை நாளைக்கு?
உள்ளூர்ப் பத்திரிகை மூடிப்போனாலும் கவலையில்லை, இறுதிச் சடங்கை ஏற்று நடத்தும் ஃபியூனரல் ஹோமின் இணையதளத்திலேயே இரங்கல் குறிப்பு இலவசமாக வந்துவிடுகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதிதான் சரி. பல பத்திரிகைகள் வரிக்கணக்கில் காசு வாங்குகின்றன, படத்துக்குத் தனி. அதனால் குடும்பத்தார் பத்திரிகையில் நாலு வரியோடு முடித்துக்கொண்டு நீளமானதை இணையதளத்தில் போடுகிறார்கள். நான் இருக்கும், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலச் சிற்றூரிலும் அப்படித்தான். பிள்ளைகள் யார், பேரப்பிள்ளைகள் யார், எந்தச் சர்ச்சில் பாடினார், உடலைப் பார்க்க எத்தனை மணிக்கு வரலாம், பூ வேண்டாம், அந்தப் பணத்தைத் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குக் கொடுங்கள் என்பது வரை அதில் இருக்கும். ஆனால் இங்கே ஒரு குடும்பம் தலைமுறைகளாக நடத்திய ஃபியூனரல் ஹோமைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கியது. வாசல் பலகையில் பழைய குடும்பப் பெயர் அப்படியே இருக்கிறது (அந்தப் பெயருக்குத்தானே விலை!). இணையதளம் மட்டும் மாறியது. பழைய குறிப்புகள் பல போயே போய்விட்டன. அச்சில் வந்திருந்தால் நூலகத்து மைக்ரோஃபிலிமில் (பத்திரிகைப் பக்கங்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த சுருள்) 1920களின் சாவுச் செய்தியைக்கூடத் தேடி எடுக்கலாம். வம்சாவளி தேடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் சவப்பெட்டியை ஃபியூனரல் ஹோமிடமே வாங்கியாக வேண்டும் என்கிறார். அப்படியில்லை. 1984 முதல் நடப்பில் இருக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் (நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) விதிப்படி, வெளியில் வாங்கிய பெட்டியை அவர்கள் மறுக்கவோ அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவோ முடியாது. போனில் கேட்டாலும் விலை சொல்லியாக வேண்டும்.